இரண்டு காகிதம், ஒன்பது வரி

4

"நாலு மணிக்குள்ள ஒரு மனுஷனைத் திருடன்னு எழுதிக் கையெழுத்துப் போடணும். இப்பவே மணி ஒண்ணரை. இதுல லிஃப்ட் வேற படுத்துக்கிச்சு. ஏன் அண்ணி, மாடி கம்மியா இருக்கிற கேஸா பார்த்து எடுக்கக் கூடாதா?"

மூன்றாவது மாடித் திருப்பத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கியவள் நாத்தனார். ஐந்து படி மேலே, கைப்பையை மார்போடு அணைத்தபடி நிற்காமல் ஏறிக்கொண்டிருந்தவள் புரூஃப் அம்மா. அச்சகத்தில் இருபத்தாறு வருஷம் பிழை திருத்திவிட்டு, அப்புறம் மனிதர்கள் செய்கிற பிழைகளைத் தேடக் கிளம்பியவள். வாசலில் துப்பறியும் நிறுவனம் என்று பெரிய பலகை இருக்கிறது. உள்ளே வேலை செய்வது இவர்கள் இரண்டே பேர்தான். ஒருத்தி கண், இன்னொருத்தி வாய் என்று தெருவில் சொல்வார்கள். கண்ணின் புருஷனுக்குக் கூடப் பிறந்தவள் வாய்.

"கையெழுத்துப் போடணும்னு யாரு சொன்னா? கண்டுபிடிக்கணும்னுதான் சொன்னாங்க."

"கண்டுபிடிக்க என்ன பாக்கி இருக்கு? உங்க அண்ணன் மக காலையிலேயே வந்து எல்லாத்தையும் தட்டுல வச்சுக் குடுத்துட்டாளே."

"குடுத்தா. கூடவே அழுதா."

"அழுதா என்னன்னா, நீங்க அவளுக்கு டீ போட்டுக் குடுத்தீங்க. ஆறு மாசத்துக்கு முன்னாடி எனக்குப் பல்லு வலிச்சப்ப நானும்தான் அழுதேன். தண்ணி கூடக் கேட்கல."

புரூஃப் அம்மா மேலே ஏறினாள். அண்ணன் மகளின் முகம் இன்னும் கண்ணிலேயே நின்றது. காலை பத்து மணிக்குக் கதவைத் தட்டினாள். மூக்கெல்லாம் சிவந்திருந்தது. அவள் வேலை செய்வது சின்ன மென்பொருள் கம்பெனி. ஆஸ்பத்திரிகளில் நோயாளிகள் பெயர் பதிகிற புரோகிராம் எழுதுகிறார்கள். அதன் உள்ளே கை வைக்கிற சாவி மூன்றே பேரிடம் இருக்கிறது. முதலாளி, இவள், இவளோடு வேலை செய்கிற பெரியவர். இன்று காலை புரோகிராமுக்குள் யாரோ ஒன்பது வரியைச் சொருகியிருப்பதை இவள்தான் பார்த்தாள். நோயாளிகளின் தொலைபேசி எண்களைச் சத்தமில்லாமல் வெளியே அனுப்புகிற வரிகள். எழுதியவர் என்று பதிவாகியிருப்பது பெரியவரின் பெயர்.

"எனக்கு அவர் அண்ணன் மாதிரி அத்தை," என்று தேம்பினாள். "நாலு மணிக்கு ஆஸ்பத்திரி ஆளுங்க வர்றாங்க. அவங்ககிட்ட இவரைக் கைகாட்டி விடப்போறேங்கறார் முதலாளி. போலீஸுக்குப் போவாங்க. அப்புறம் இந்தத் தொழில்ல அவருக்கு எந்தக் கதவும் திறக்காது. வெளியாள் ஒருத்தர் வந்து பார்த்துட்டு ஆமான்னோ இல்லைன்னோ எழுதிக் குடுத்தாத்தான் நியாயம்னு நான்தான் சண்டை போட்டு உங்களை வரவழைச்சிருக்கேன். நீங்க பார்த்துச் சொன்னா என் மனசு ஆறும்."

போகும்போது அந்த ஒன்பது வரியை அச்செடுத்த காகிதம் ஒன்றையும் கொடுத்துவிட்டுப் போனாள். மடித்த அந்தக் காகிதம்தான் இப்போது கைப்பைக்குள் இருந்தது.

"அண்ணன் மாதிரின்னு சொன்னவ, அண்ணன்தான் பண்ணியிருக்கார்னும் சொல்லிட்டுப் போனாளே, அதைக் கவனிச்சீங்களா?" என்றாள் நாத்தனார், நான்காவது மாடியில்.

"வாயை மூடிக்கிட்டு ஏறு. மூச்சு மிச்சமாகும்."

முதலாளியின் அறை ஒரு பெட்டி மாதிரி இருந்தது. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, கீழே டயர் கடையைப் பார்த்த ஜன்னல். அவர் கடித்துக் கடித்துப் பேனா மூடியின் உருவமே மாறியிருந்தது.

"மேடத்துக்குக் கம்ப்யூட்டர் தெரியுமா?"

"தெரியாது."

"அப்புறம் எப்படி..."

"பிழை தெரியும்."

"எங்க அண்ணனைக் கட்டிக்கிட்டதுதான் அண்ணி கண்ணுக்குத் தப்பின ஒரே பிழை," என்றாள் நாத்தனார். முதலாளிக்குச் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை.

"சரி, குழந்தைக்குச் சொல்ற மாதிரி சொல்லுங்க," என்றாள் புரூஃப் அம்மா. "பதிவுல அவர் பேர் இருக்கு. அது போதாதா?"

"போதாது மேடம். பதிவுல பேரை யார் வேணாலும் யார் பேர்ல வேணாலும் போட்டுக்கலாம். அதை ஸ்கேலே ஒத்துக்கிட்டாங்க."

"ஸ்கேலா?"

"உங்க அண்ணன் பொண்ணுதான். இங்க அந்தப் பேர்லதான் கூப்பிடுவோம். ஒரு வரி கோணினா அவங்களுக்குச் சோறு இறங்காது." அவர் முகத்தில் முதல் தடவையாகக் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. "மூணு பேரும் மூணு எடிட்டர்ல எழுதுவோம். புரோகிராம் எழுதுற மென்பொருளைத்தான் எடிட்டர்ங்கறேன். ஒருத்தர் ஓரம் விட, ஒரே தாவாத் தள்ளிவிடுற டேப் சாவியை அடிப்பார், ஒருத்தர் ஒவ்வொரு இடமா ஸ்பேஸ் அடிப்பார். ஒருத்தர் நாலு விடுவார், ஒருத்தர் ரெண்டு. மூணையும் ஒண்ணாச் சேர்த்தா கந்தரகோலம். தினம் சண்டை. எட்டு மாசம் முன்னாடி ஸ்கேல் ஒரு காரியம் பண்ணாங்க. பத்தே வரியில ஒரு விதி ஃபைல் எழுதி, புரோகிராமோட தலைமாட்டுல வச்சாங்க. டேப் கூடாது, ஓரத்துக்கு நாலு ஸ்பேஸ், வரி முடிவுல வெத்து இடம் கூடாது, அவ்வளவுதான். எடிட்டர் திறந்ததும் முதல்ல அந்த ஃபைலைப் படிக்கும். அப்புறம் நீங்க டேப்பை அடிச்சாலும் நாலு ஸ்பேஸாத்தான் விழும். சண்டை தீர்ந்துச்சு."

"நல்ல விதியாத்தான் இருக்கு."

"ஆனா அந்த ஆள் வச்சிருக்கிறது கறுப்புத் திரையோட ஆதிகாலத்து எடிட்டர். விதி ஃபைலைப் படிக்கவே படிக்காது. அதனாலதான் அவருக்குக் கரும்பலகைன்னு பேர். அவர் கோணலா எழுதினதை எல்லாம் ஸ்கேல்தான் தினமும் வேலை முடியுற நேரத்துல நேர் பண்ணி வைப்பாங்க." முதலாளி திரையைத் திருப்பினார். "இந்த ஒன்பது வரியையும் பாருங்க. ஓரம் பூரா டேப். இந்த ஆபீஸ்ல டேப் விழக்கூடிய எடிட்டர் ஒண்ணே ஒண்ணு. பேரை மாத்திப் போடலாம் மேடம். கைப்பழக்கத்தை மாத்திப் போட முடியாது."

"ரொம்ப நல்லாச் சொன்னீங்க," என்றாள் புரூஃப் அம்மா. "இது நீங்களா யோசிச்சதா?"

"இல்ல, ஸ்கேல்தான் காட்டினாங்க. மனசே இல்லாமத்தான் காட்டினாங்க, பாவம்."

"எனக்குத் திரையில படிச்சா கண் ஓடாது. காகிதத்துல ஒண்ணு எடுத்துக் குடுங்க."

மூலையிலிருந்த பிரிண்டர் முனகிக்கொண்டே ஒரு தாளைத் துப்பியது. புரூஃப் அம்மா அதை முகத்துக்கு அருகே கொண்டுபோனாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். புடவைத் தலைப்பால் துடைத்து மறுபடி மாட்டினாள்.

"வலது பக்கத்துல தனியா என்னமோ இருக்கே?"

"குறிப்பு. ஒவ்வொரு வரிக்கும் வலது பக்கம் சின்னதா ஒரு குறிப்பு எழுதணும்ங்கறது எங்க வழக்கம். திருட்டு வரிக்கும் மறக்காம எழுதியிருக்கார் பாருங்க, வித்தியாசமாத் தெரியக் கூடாதுன்னு."

"காலையில என் மருமக குடுத்ததும் இதே ஒன்பது வரிதானா?"

"எழுத்துக்கு எழுத்து இதேதான்."

"சரி." காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். காலையில் வந்ததை எடுத்துப் பார்க்கவில்லை. "இன்னொண்ணு. இந்தப் புரோகிராம் பூரா யார் யார் எவ்வளவு எழுதினாங்கன்னு தெரியுமா?"

"ஏன் தெரியாது?" அவர் இரண்டு தட்டுத் தட்டினார். இடது ஓரத்தில் வரிக்கு வரி பெயரும் தேதியும் வரிசையாக வந்து நின்றன. "பத்துக்கு ஒன்பது வரி ஸ்கேல் பேர்ல, பதினோராயிரம் வரி. அவர் பதினோரு வருஷமா உக்காந்திருக்கார், பாருங்க, அங்க ஒண்ணு இங்க ஒண்ணு. இதைப் பார்த்துட்டுத்தான் அடுத்த மாசத்துலருந்து ஸ்கேலையே தலைமையா போடலாம்னு முடிவு பண்ணேன்."

"அவ வரிக்கெல்லாம் ஒரே தேதியா இருக்கே?"

"எது?"

"தேதி. மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே நாள். பதினோராயிரம் வரியை ஒரே நாள்ல எழுதிட்டாளா எங்க பொண்ணு?"

"அட, கல்யாண மண்டபத்துல மொய் எழுதுறவன் கூட இந்த வேகத்துல எழுத மாட்டான்," என்றாள் நாத்தனார்.

முதலாளி பேனா மூடியை வாயிலிருந்து எடுத்தார். "தேதியை நான் கவனிக்கல. பேரைத்தான் பார்த்தேன்."

"பேரைத்தான் எல்லாரும் பார்ப்பாங்க," என்று எழுந்தாள் புரூஃப் அம்மா.

கரும்பலகையின் மேசை, கூடத்தின் கடைசியில் தண்ணீர்க் கேனை ஒட்டி இருந்தது. மேசைக்கு அடியில் அட்டைப்பெட்டி ஒன்று திறந்து கிடந்தது. அதற்குள் ஒரு கோப்பை, ஒரு ஜோடி ரப்பர் செருப்பு, முதுகுக்கு வைத்துக்கொள்கிற மெத்தை. ஆள் இன்னும் நாற்காலியில்தான் இருந்தார். சாமான்கள் அதற்குள் வெளியே கிளம்பத் தயாராக இருந்தன.

"உக்காருங்கம்மா. நாற்காலி ஒண்ணுதான் இருக்கு, நான் நிக்கறேன்."

"நீங்க உக்காருங்க. நாங்க படியேறி வந்த சூட்டுல நிக்கிறோம்," என்றாள் நாத்தனார். "பெட்டி கட்டியாச்சு போல?"

"எப்படியும் கட்டணும். அவசரத்துல கட்டினா கோப்பை உடையும்."

"ஐயா, கொஞ்சம் மறுத்துப் பேசுங்க. நான் பண்ணலைன்னு மேசையைத் தட்டுங்க. எங்களுக்கும் ஒரு வேலை வேணாமா?"

"நான் பண்ணல," என்றார் கரும்பலகை, மேசையைத் தட்டாமல்.

புரூஃப் அம்மா திரையைப் பார்த்தாள். கறுப்பில் பச்சை எழுத்து. "அந்த டேப் சாவியை ஒரு தடவை அழுத்துங்க பார்க்கலாம்."

அழுத்தினார். திரையில் சின்னச் சின்னதாக நான்கு புள்ளிகள் விழுந்தன.

"இது என்ன?"

"ஸ்பேஸ். ஒரு புள்ளிக்கு ஒரு ஸ்பேஸ். டேப்பா இருந்தா அம்புக்குறி வரும்."

"உங்க எடிட்டர் விதியைப் படிக்காதுன்னாங்களே?"

"படிக்காதும்மா. அதனால நானே கையால மாத்தி வச்சேன். விதி வந்த அதே வாரம். அந்தப் பொண்ணு தினமும் வீட்டுக்குக் கிளம்புற நேரத்துல என் வரியை எல்லாம் நேர் பண்ணிக்கிட்டு உக்காந்திருக்கும். பஸ்ஸை விட்டுடும். பாவமா இருந்துச்சு."

"மாத்தினதை அவகிட்டச் சொல்லலையா?"

"இதைப் போய் என்னத்தைச் சொல்றது? நேர் பண்ண ஒண்ணும் இல்லைன்னா அதுக்கே தெரியும்னு நினைச்சேன். தெரியல போல. பட்டனை அழுத்திட்டுப் போயிடும், என்ன மாறுச்சுன்னு பார்க்காது."

நாத்தனாரும் புரூஃப் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"டேப் சாவியோட வேலையை இன்னைக்குக் காலையில கூட மாத்தியிருக்கலாமேன்னு முதலாளி கேட்டா?"

"கேட்பார். கேட்டா என்கிட்டப் பதில் இல்ல."

"அந்த ஒன்பது வரியை உங்க திரையில காட்டுங்க."

காட்டினார். இடப்பக்கம் வரிகள் படிக்கட்டு மாதிரி உள்ளே போயின, வெளியே வந்தன. வலப்பக்கத்துக் குறிப்புகள் விழுந்த பல்வரிசை மாதிரி ஒன்று முன்னே ஒன்று பின்னே நின்றன. ஒன்றிரண்டு திரையின் ஓரத்தையும் தாண்டி மறைந்திருந்தன.

புரூஃப் அம்மா முதலாளி கொடுத்த காகிதத்தைப் பிரித்துத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தாள். அதிலும் குறிப்புகள் கோணல்தான். ஆனால் இது வேறு கோணல்.

"அதே வரிதான். அங்க ஒரு மாதிரி இருக்கு, இங்க ஒரு மாதிரி இருக்கு. ஏன்?"

"அதான்மா டேப்போட குணம்." கரும்பலகையின் குரலில் சுரத்து வந்தது. வேலையைப் பற்றிப் பேசும்போதுதான் அவருக்கு முதுகு நிமிர்ந்தது. "ஸ்பேஸ் எங்க போனாலும் ஒரே அகலம். டேப் அப்படி இல்ல. அது வெறும் ஒரு அடையாளம். 'இங்க தள்ளிப்போ'ன்னு மட்டும்தான் சொல்லும். எவ்வளவு தள்ளணும்கறதை அந்தந்தத் திரை அதோட இஷ்டத்துக்கு வச்சுக்கும். என் திரையில ஒரு டேப் எட்டு இடம். முதலாளி திரையில ரெண்டு. ஒரு டேப் வச்ச வரி கொஞ்சம் நகரும், மூணு டேப் வச்ச வரி ரொம்ப நகரும். வலது பக்கக் குறிப்பும் அதுக்குத் தக்கபடி இழுத்துக்கிட்டுப் போகும். அதனாலதானே அந்தப் பொண்ணு டேப்பே வேணாம்னு விதி போட்டது."

"அப்ப இந்தக் குறிப்புங்க எந்தத் திரையிலேயும் நேரா நிக்காதா?"

"நிக்கும். எழுதினவங்க திரையில நிக்கும். அவங்க கண்ணுக்கு நேராப் பட்டாத்தானே கையை எடு..."

வாக்கியம் பாதியில் நின்றது. கரும்பலகை தன் திரையைப் பார்த்தார். கோணல் பல்வரிசையைப் பார்த்தார். அவருடைய கை தானாகப் போய்த் திரையை அணைத்தது.

"அம்மா, விட்டுடுங்க," என்றார் மெதுவாக. "இதைப் போய் யாரும் கேட்கப் போறதில்ல."

"மூணாவது திரையில டேப்புக்கு எத்தனை இடம்?"

"எனக்கு ஒரு மக இருக்கா. அவளுக்கும் கிட்டத்தட்ட இதே வயசுதான்."

"எத்தனை இடம்னு கேட்டேன்."

"நாலு," என்றார் கரும்பலகை, தரையைப் பார்த்துக்கொண்டு.

தண்ணீர்க் கேனுக்குள் ஒரு குமிழி எழும்பி உடைந்தது. பிறகு புரூஃப் அம்மா கேட்டாள்:

"அந்தப் பதினோராயிரம் வரி யாரு எழுதினது?"

"என்னோடதுதாம்மா, பெரும்பாலும். விதி வந்த அன்னைக்கு அந்தப் பொண்ணு புரோகிராம் பூராவையும் ஒரே அடியா நேர் பண்ணுச்சு. ஒரு வரியைக் கடைசியா யார் தொட்டாங்களோ அவங்க பேர்தான் பதிவுல நிக்கும். ஓரத்துல ரெண்டு ஸ்பேஸ் சேர்த்தாலும் தொட்டதுதான். அப்படித்தான் அந்தப் பொண்ணு பேர் வந்துச்சு. வேணும்னு பண்ணது இல்ல. புரோகிராம் ஓடுதுல்ல, பேர்ல என்ன இருக்குன்னு நானும் விட்டுட்டேன்."

"இப்ப வரைக்குமா?"

"நேத்து வரைக்கும். தலைமைப் பதவி விஷயம் காதுல விழுந்துச்சு. கொஞ்சம் வலிச்சுது. பழைய பதிவும் உள்ளே பத்திரமாத்தான் இருக்கு, நாளைக்கு முதலாளிகிட்ட அதைக் காட்டலாமான்னு கேட்டேன்."

"யார்கிட்டக் கேட்டீங்க?"

"அதுகிட்டத்தான். அதுக்குத் தெரியாம எப்படிம்மா காட்டுறது? தாராளமாக் காட்டுங்க அண்ணான்னு சொல்லுச்சு."

புரூஃப் அம்மா ஜன்னல் பக்கம் போனாள். முதலாளி கொடுத்த காகிதத்தைக் கண்ணாடியில் வைத்து அழுத்தினாள். கைப்பைக்குள் கையை விட்டாள். காலையில் வந்த காகிதம் அங்கேயே, மடித்தது மடித்தபடி இருந்தது. அதைப் பிரித்து முதல் காகிதத்தின் மேல் வைத்தாள். வெளியே இருந்த வெயில் இரண்டு தாளையும் ஊடுருவியது.

கீழ்க்காகிதத்தில் வலப்பக்கத்துக் குறிப்புகள் தள்ளாடின. மேல்காகிதத்தில் ஒன்பது குறிப்பும் ஒன்றின் கீழ் ஒன்றாக, ஒரு மயிரிழை பிசகாமல், மேலிருந்து கீழே நேர்கோடாக இறங்கின.

நாத்தனார் பின்னால் வந்து நின்றாள். வாயைத் திறந்தாள். அப்படியே மூடிக்கொண்டாள்.

"சொல்லு," என்றாள் புரூஃப் அம்மா.

"ஒண்ணும் இல்ல அண்ணி."

"எப்பவும் ஏதாவது சொல்லுவியே. இப்பச் சொல்லு."

"காலையிலருந்து இது உங்க பைக்குள்ளயே இருந்துச்சே அண்ணி," என்றாள் நாத்தனார். அவள் குரலில் கேலி இல்லை.

ஸ்கேலின் மேசையில் மூன்று பேனா ஒரே திசையில் படுத்திருந்தன. பக்கத்தில் ஓர் உண்மையான ஸ்கேல், எஃகில் செய்தது. யாரோ கேலிக்கு வாங்கிக் கொடுத்திருப்பார்கள். அவள் அதைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தாள்.

"அத்தை! பார்த்துட்டீங்களா? ஐயோ, அவர்தானா?" எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். கை சூடாக இருந்தது. "சாப்பிட்டீங்களா முதல்ல?"

"அந்த ஒன்பது வரியை உன் திரையில காட்டும்மா."

"எதுக்கு அத்தை? காகிதத்துலதான் குடுத்தேனே."

"காட்டு."

காட்டினாள். நேர்கோடு. புரூஃப் அம்மா எஃகு ஸ்கேலை எடுத்துத் திரையில் குறிப்புகளின் ஓரமாக வைத்தாள். ஸ்கேலுக்கும் எழுத்துக்கும் நடுவே நூல் நுழைய இடமில்லை.

"உன் திரையில மட்டும்தாம்மா இது நேரா இருக்கு. முதலாளி திரையில கோணல். பெரியவர் திரையில படு கோணல். கோணலாத் தெரியற திரையில உக்காந்துக்கிட்டு இதை இவ்வளவு நேரா ஒருத்தர் எழுத முடியாது."

மருமகள் சிரித்தாள். சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வந்தது. "என் எடிட்டர் விதியைப் படிக்கும் அத்தை. நான் டேப் அடிச்சாலும் ஸ்பேஸ்தான் விழும். என்னால டேப் அடிக்கவே முடியாது."

"விதியை எழுதினவளுக்கு அதை அஞ்சு நிமிஷம் ஓரமா எடுத்து வைக்கத் தெரியாதா?"

மருமகள் திரையை விட்டுக் கண்ணை எடுத்தாள்.

"அவர் டேப் அடிக்கிறதை விட்டு எட்டு மாசம் ஆச்சு. உனக்காகத்தான் விட்டார். நீ பஸ்ஸை விடுறியேன்னு. இது உனக்குத் தெரியுமா?"

"என்ன?"

"தினமும் நேர் பண்றதாச் சொல்லிக்கிட்டு இருந்தியே, எதை நேர் பண்ணே? அவர் வரியில நேர் பண்ண எட்டு மாசமா ஒண்ணுமே இல்லையாம். ஒரு நாளாவது பார்த்தியா?"

மருமகள் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் பார்வை கூடத்தின் கடைசிக்குப் போனது. தண்ணீர்க் கேன் பக்கத்தில் அட்டைப்பெட்டி தெரிந்தது. சட்டென்று திரும்பிக்கொண்டாள்.

"யாரோட நம்பரும் எங்கேயும் போகல அத்தை. நான் போட்ட முகவரியே பொய். அப்படி ஒண்ணு கிடையாது. ஒரு நோயாளிக்கும் ஒரு கெடுதலும் வந்திருக்காது."

"அதைப் பார்த்துக்கிட்டே. முகம் தெரியாதவங்களுக்கு எல்லாம் கெடுதல் வரக் கூடாதுன்னு பார்த்துக்கிட்டே. அண்ணன்னு கூப்பிட்டவருக்கு?"

"பழைய பதிவைக் காட்டினா நான் ஒண்ணுமில்லாதவளாயிடுவேன். எட்டு மாசமா எல்லாரும் என்னைப் பார்த்து ஆஹாங்கறாங்க. வீட்ல அப்பா தெரு பூராச் சொல்லி வச்சிருக்கார், என் பொண்ணு தலைமையாகப் போறான்னு. நான் பொய் சொல்லல அத்தை. பேர் தானா வந்துச்சு. நான் இல்லைன்னு சொல்லல, அவ்வளவுதான்."

"அது எட்டு மாசக் கதை. நேத்தைய கதையைச் சொல்லு."

மருமகள் எஃகு ஸ்கேலைத் தள்ளி வைத்தாள். பேனாக்களுக்கு இணையாகத்தான் வைத்தாள்.

"ஒண்ணே ஒண்ணு கேட்கறேன்," என்றாள் புரூஃப் அம்மா. "ஊர்ல எத்தனையோ பேர் இந்தத் தொழில் பண்றாங்க. கம்ப்யூட்டரைக் கரைச்சுக் குடிச்சவங்க இருக்காங்க. என்னை ஏன் கூப்பிட்டே?"

"அத்தை..."

"சொல்லு. எனக்குத் தெரியணும்."

"உங்களுக்கு இதெல்லாம் புரியாதுன்னு நினைச்சேன்," என்றாள் மருமகள். இப்போது வந்த கண்ணீர் காலையில் வந்த மாதிரி இல்லை. சத்தமே இல்லாமல் வந்தது. "நான் அழுதா நீங்க நம்பிடுவீங்கன்னு தெரியும்."

நாத்தனார் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"நம்பினேனே," என்றாள் புரூஃப் அம்மா. "டீ போட்டுக் குடுத்தேன். சர்க்கரை கூட நீ கேட்காமலே ரெண்டு கரண்டி போட்டேன்."

மூன்றே முக்காலுக்கு முதலாளியின் மேசையில் ஒரு பக்க அறிக்கை இருந்தது. கீழே இரண்டு காகிதங்களும் பின் குத்தி இணைக்கப்பட்டிருந்தன. முதலாளி அறிக்கையைப் படித்தார். காகிதங்களை ஜன்னலில் வைத்துப் பார்த்தார். மறுபடி அறிக்கையைப் படித்தார்.

"உங்க சொந்த அண்ணன் பொண்ணு மேடம்."

"அதையும் எழுதியிருக்கேன். மூணாவது வரி."

அவர் கதவைத் திறந்து கரும்பலகையைக் கூப்பிட்டார். கூப்பிட்ட பிறகு என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றார். பதினோரு வருஷமாகக் கூடத்தின் கடைசியில் இருந்த ஒருவரை அவர் இப்போதுதான் நேராகப் பார்க்கிற மாதிரி இருந்தது.

"ஆஸ்பத்திரி ஆளுங்ககிட்ட நானே நடந்ததைச் சொல்லிடறேன். பழைய பதிவை நாளைக்கு நீங்களே முன்னாடி உக்காந்து காட்டுங்க. வேற ஏதாவது வேணும்னா, தயங்காமக் கேளுங்க சார்."

கரும்பலகை யோசித்தார். "அந்த விதி ஃபைலை மட்டும் எடுத்துடாதீங்க."

"எதை?"

"அது பண்ணினது தப்பு. ஆனா விதி நல்லா எழுதியிருக்கு. அது இருக்கட்டும்."

சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போனார். பெட்டியிலிருந்து கோப்பையை எடுத்து மேசையில் வைத்தார். செருப்பை எடுத்து அடியில் போட்டார். முதுகு மெத்தையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். எதிர் மேசை காலியாக இருந்தது. மூன்று பேனா மட்டும் ஒரே திசையில் கிடந்தன.

படியில் இறங்கும்போது நான்காவது மாடி வந்தது, மூன்றாவது வந்தது. நாத்தனார் ஒரு வார்த்தை பேசவில்லை.

"என்ன, மூச்சு மிச்சமாகுதா?" என்றாள் புரூஃப் அம்மா.

"சும்மா இருங்க அண்ணி."

இரண்டாவது மாடித் திருப்பத்தில் கைப்பைக்குள் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள். திரையில் ஒரே சொல்: அண்ணன்.

"அவ சொல்லியிருப்பாளோ?" என்றாள் நாத்தனார்.

"இருக்காது. பொண்ணு உன்கிட்ட வேலையா வந்தாளாமே, முடிஞ்சுதான்னு கேட்கக் கூப்பிடுவான். நாளைக்குத் தெருவுல யாருக்குச் சொல்லலாம்னு பார்ப்பான்."

போன் அடித்துக்கொண்டே இருந்தது.

"குடுங்க, நான் பேசறேன். பட்டும் படாம ஏதாவது சொல்லி வைக்கறேன். நாலு நாள் போகட்டும்."

"வேண்டாம். அறிக்கையில என் கையெழுத்து இருக்கு. நானே படிச்சுக் காட்டறேன்."

படியிலேயே உட்கார்ந்தாள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். காலையில் கனமாக இருந்த பை இப்போது ஒன்றுமில்லாமல் தொளதொளவென்று இருந்தது. போனைக் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் அண்ணன் சிரித்துக்கொண்டே ஏதோ ஆரம்பித்தான்.

"அண்ணா," என்றாள் புரூஃப் அம்மா. "முதல்ல உக்காரு."